ஊசிமுனையும் கூரைத் தூசியும்

ஒஸ்லோவின் கிழக்கே ட்வெய்ட்டாவில், ஓர் அடுக்குமாடிச் சமையலறையில் இருந்து பேசுகிறேன். இடையில் குழாய்ச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் இங்கே பின்னேரம் மூன்றரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெளியே போய்ப் படம் எடுக்க வெளிச்சம் இருக்காது. அப்படித்தான் வாரம் ஒரு தலைப்புத் தந்து மேக்ரோ படம் கேட்கும் சவால்களில் சேர்ந்தேன். பொத்தான், உப்பு, நூல் என்று தலைப்பு வரும். படத்துக்குள் வரும் இடம் மூன்று அங்குலத்தைத் தாண்டக்கூடாது. 'ஊசி' வந்த வாரம் அம்மாவின் தையல் பெட்டியைத் திறந்தேன். 1988ல் யாழ்ப்பாணத்தில் இருந்து புறப்பட்டபோது அவர் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு வந்த ஊசி அதற்குள் இருந்தது. படத்தில் பார்த்தால் காதெல்லாம் துரு, முனை மழுங்கி வேலிக்கட்டை மாதிரி நிற்கிறது.

"என்ர ஊசி இப்பிடி இல்லை மோனை. ஆருக்கும் காட்டாதை" என்றார் அம்மா. நான் காட்டவில்லை. அந்த வாரம் ஒன்றும் அனுப்பவில்லை.

ஆனால் அம்மாவின் அதே திகைப்பு 350 வருடங்களுக்கு முன்பே அச்சில் வந்திருக்கிறது. 1665ல் லண்டனில் ராபர்ட் ஹூக் வெளியிட்ட 'மைக்ரோகிராஃபியா' நூலின் முதல் பகுதியே ஊசிமுனைதான். அடுத்தது சவரக்கத்தியின் விளிம்பு, பிறகு மெல்லிய துணி. கூர்மைக்கு நாம் உவமை சொல்லும் ஊசி, உருப்பெருக்கியின் கீழே மேடும் பள்ளமுமாக இருந்தது. அச்சிட்ட முற்றுப்புள்ளிகூட அவருக்கு ஒழுங்கற்ற ஒரு கறையாகத்தான் தெரிந்தது. அந்த நூல் என்றால் எல்லோருக்கும் அதில் விரியும் பெரிய தெள்ளுப்பூச்சிப் படம்தான் நினைவு. எனக்கென்னவோ ஊசிதான் பெரிய துணிச்சல். பூச்சி அசிங்கமாக இருந்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

புகைப்படம் பிறகு வந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி 1885ல் ஒற்றைப் பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். ஆயுள் முடிவதற்குள் ஐயாயிரத்துக்கு மேல் எடுத்தார். ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் தளிரையும் காம்பையும் பெருக்கிக் காட்டிய நூல் 1928ல் வந்தது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். யோன் லார்சன் ஜாஸ் கித்தார் கலைஞர், 'ஹாட் கிளப் டி நார்வேஜ்' இசைக்குழுவை நிறுவியவர். 2009ல் ஒரு காலை, வெளியே போட்டிருந்த மேசையில் பளபளவென்று ஒரு கருந்துகளைப் பார்த்தார். விண்ணில் இருந்து விழுந்ததாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். விண்தூசியை ஆழ்கடல் சேற்றிலும் அண்டார்ட்டிக்காவிலும்தான் தேட வேண்டும், நகரத்துக் குப்பையில் அதைப் பிரித்தெடுக்கவே முடியாது என்பதுதான் அப்போது அறிவியலாளர்களின் எண்ணம். இவர் கூரைத் தண்ணீர்ப் பீலிகளில் படிந்த மண்ணை அள்ளினார், காந்தத்தால் பிரித்தார், சலித்தார், ஒவ்வொன்றாகப் பார்த்தார். வெல்டிங் பொறி, வாணவேடிக்கைச் சாம்பல், கூரை ஓட்டுத் துணுக்கு என்று அல்லாதவற்றை எல்லாம் படம் பிடித்து வகைப்படுத்தினார். இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை. தவறானவற்றை அத்தனை வருடம் பொறுமையாகப் பார்த்த கண்ணுக்குத்தானே சரியானது பிடிபடும்?

2015ல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மேத்யூ கெஞ்ச், இது விண்தூசிதான் என்று உறுதிசெய்தார். ஒஸ்லோ, பாரிஸ், பெர்லின் கூரைகளில் சேர்த்த 300 கிலோ படிவில் சுமார் 500 துகள்கள் இருந்தன. 2017ல் 'ஜியாலஜி' இதழில் கட்டுரை வந்தது. ஒரு துகள் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், எள்ளில் பத்தில் ஒரு பங்கு. கனிமவியலாளர் யான் பிராலி கிலேயும் லார்சனும் எடுத்த வண்ணப் படங்களில் அவை கண்ணாடிக் கோலி போலவும் வரியோடிய ஆமை ஓடு போலவும் இருக்கின்றன. இந்த அளவுக்குப் பெருக்கினால் மயிரிழை ஆழம் மட்டுமே தெளிவாக விழும். அதனால் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பல படங்கள் எடுத்து ஒன்றாக அடுக்குவார்கள். ஊசிக்கு நானும் அதைத்தான் செய்தேன்.

தமிழ் நீட்டலளவையில் 'தேர்த்துகள்' என்று ஓர் அளவு உண்டு, தேர் ஓடும்போது எழும் தூசி. அணுவுக்கு அடுத்தது அது, அங்கிருந்து எட்டெட்டாகப் பெருகி எள், நெல், விரல் என்று போகும். தூசியை அளவாக வைத்தவன் அதை எப்படிப் பார்த்திருப்பான் என்று யோசிப்பேன்.

போன ஏப்ரலில் பனி உருகியதும் பால்கனி மூலையில் காந்தம் வைத்துப் பார்த்தேன். சறுக்காமல் இருக்கப் பாதையில் போடும் சரளையின் தூள்தான் நிறைய. இரண்டு கரிய உருண்டைகள் கிடைத்தன, புதுவருட வெடியில் வந்தவை. அம்மா வந்து திரையைப் பார்த்தார். "இது வடிவாக் கிடக்கு, இதை அனுப்பன்" என்றார்.