சிரித்துவிட்டுப் பேரேட்டையும் பார்ப்போம்



நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் சமீபத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஒரு கட்சித் தலைவரைக் கேலி செய்யும் முப்பது விநாடி வீடியோ ஒன்றை ஒருவர் போட்டார். பதிலுக்கு இன்னொருவர் எதிர்க்கட்சித் தலைவரைக் கேலி செய்யும் படம் ஒன்றைப் போட்டார். ராத்திரி பதினொரு மணிக்குள் தண்ணீர்த் தொட்டி, தெருவிளக்கு, பழைய பார்க்கிங் தகராறு எல்லாம் வெளியே வந்துவிட்டன. இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். காலையில் பால் வாங்க வந்த இடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "இனி அரசியல் நையாண்டி எதையும் குழுவில் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாம் அண்ணாச்சி" என்றார் செயலாளர். தீர்மானத்துக்கு முன்னால் இந்த இதழில் எனக்கு இரண்டு பக்கம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார்.

நான் பிறந்து வளர்ந்தது ஸ்ரீவில்லிபுத்தூர். வேலை பார்த்ததும் ஓய்வுபெற்றதும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இங்கே ராஜபாளையத்தில். படித்தது பி.காம். வரலாறு படித்தவன் அல்ல. ஆனால் அரசியல் செய்தியைப் புரிந்துகொள்ள எனக்குக் கற்றுக்கொடுத்ததில் பாதி, நையாண்டிதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். சிவகாசியில் 1886-இல் பிறந்தவர் தியாகி விஸ்வநாததாஸ், நாடக நடிகர். அவர் ஆடியதெல்லாம் புராண நாடகங்கள்தான். வள்ளி தினைப்புனத்தில் பறவைகளை விரட்டும் கட்டம் வரும். அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றி ஒரு பாட்டு வரும். கொக்கு யார் என்று கொட்டகையில் இருந்த கடைசி ஆளுக்கும் தெரியும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த போலீசுக்கும் தெரியும். ஆனாலும் பாட்டில் இருப்பது கொக்குதானே! இப்படிப் பாடிப் பாடியே பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் பிரிந்தது.

பத்திரிகை படிக்கத் தெரிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. வரி, சுரண்டல், அந்நிய ஆட்சி என்று மேடையில் விளக்கினால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். நம் வயலில் கொக்கு மேய்கிறது என்றால் விவசாயிக்கு உடனே புரியும். இதே காரணத்தால்தான் எட்டயபுரத்துப் பாரதியாரும், 1906-இல் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழில் அரசியல் கார்ட்டூனுக்கு வழி போட்டது அந்தப் பத்திரிகைதான்.

அரசாங்கங்களும் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தன. 1876-இல் கல்கத்தாவுக்கு வேல்ஸ் இளவரசர் வந்தபோது, அவரைத் தன் வீட்டுக்குள் அழைத்து உபசரித்த ஒரு வழக்கறிஞரைக் கிண்டல் செய்து ஒரு நாடகம் போட்டார்கள். தடை வந்தது. பெயரை மாற்றி மறுபடியும் போட்டார்கள். அந்த ஆண்டே நாடக நிகழ்ச்சிகள் சட்டம் பிறந்துவிட்டது! சுதந்திரத்துக்குப் பிறகு 1954-இல் நம் மாநிலத்திலும் ஒரு நாடகச் சட்டம் வந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவந்தது என்பார்கள். எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கிட்டத்தட்ட அறுபது வருடம் அந்தச் சட்டம் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

இனி என் காலத்துக்கு வருகிறேன். 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது நான் கல்லூரி மாணவன். ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம் 1875-இல் தொடங்கியது. தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தின ஆண்டு. அதற்குச் சரியாக நூறு வயது நடந்துகொண்டிருந்தபோது அந்த வாசிப்பறையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். செய்திகளுக்குத் தணிக்கை. எந்தப் பேப்பரைப் புரட்டினாலும் நாட்டில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, ரயில் நேரத்துக்கு வருகிறது என்றே இருக்கும். என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் பிடிபடவே இல்லை.

அப்போது சோ நடத்திய 'துக்ளக்' கறுப்பு அட்டையோடு வந்தது. அதில் ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை. அதே நாட்களில் பம்பாயில் ஓர் ஆங்கில நாளிதழின் காலமானார் பகுதியில் ஒரு சின்ன விளம்பரம் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் இறந்துவிட்டதுபோல் இருக்கும். இறந்தவரின் பெயரைச் சேர்த்துப் படித்தால் 'ஜனநாயகம்' என்று வரும். விளம்பரக் கட்டணம் கட்டி, தணிக்கைக்காரர் கண்ணுக்கு முன்னாலேயே அச்சாகிவிட்டது! இதைப் பின்னாளில்தான் படித்தேன். செய்தி சொல்ல முடியாதபோது, செய்தி சொல்ல முடியவில்லை என்பதையாவது நையாண்டி சொல்லிவிடுகிறது.

சோவின் நாடகம் 'முகமது பின் துக்ளக்' இதற்கு முன்பே, 1968-இல் மேடை ஏறியது. 1971-இல் படமாகவும் வந்தது. அறுநூறு வருடத்துக்கு முன் புதைக்கப்பட்ட துக்ளக் மன்னனும் யாத்ரீகர் இபன் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வருகிறார்கள். ஊரே நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நின்று பிரதமரும் ஆகிறான். கட்சி மாறி வந்து ஆதரவு தரும் அத்தனை பேருக்கும் துணைப் பிரதமர் பதவி! இந்தியா, ஆங்கிலமா என்ற சண்டைக்கும் ஒரு தீர்வு வைத்திருக்கிறான். இரண்டும் வேண்டாம், இனிமேல் பாரசீகம்தான் ஆட்சிமொழி. 'இந்தியா' என்று நான் தட்டச்சுப் பிழை செய்ததாக நினைக்க வேண்டாம். அன்றைக்கு மேடைப் பேச்சுகளில் இந்தி என்பதும் இந்தியா என்பதும் அப்படித்தான் கலந்து கிடந்தன.

இன்று படிக்கும் இளைஞர்களுக்கு இது வெறும் கோமாளித்தனமாகத் தெரியலாம். அன்றைய செய்திகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1965-இல்தான் தமிழ்நாட்டில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து, உயிர்கள் போயிருந்தன. 1967-இல் ஹரியானாவில் கயாலால் என்ற சட்டமன்ற உறுப்பினர் பதினைந்து நாளில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயாராம் கயாராம்' என்ற சொல் அவரால் வந்ததுதான். பல மாநிலங்களில் ஆட்சிகள் இப்படிக் கவிழ்ந்தன. எங்கோ வடக்கே நடக்கும் குழப்பம் என்று பேப்பரில் தாண்டிப் போன செய்தியை, துணைப் பிரதமர் கூட்டத்தைக் காட்டிப் புரியவைத்தார் சோ. பதவிதான் விலை, கட்சி மாறுவதுதான் சரக்கு. கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-இல். நாடகம் வந்து பதினேழு வருடம் கழித்து!

நிஜ துக்ளக்கின் கதையும் வங்கிக்காரனான எனக்குப் பிடித்தமானது. 1330-ஐ ஒட்டி, வெள்ளி நாணயத்தின் மதிப்புக்குப் பித்தளை, செம்பு நாணயங்களை அவன் வெளியிட்டான். யோசனையில் தப்பில்லை. இன்று நம் கையில் இருக்கும் நோட்டும் அப்படித்தான், தாளுக்கு என்ன மதிப்பு? ஆனால் கள்ள நாணயத்தைத் தடுக்க வழி செய்யவில்லை. வீட்டுக்கு வீடு நாணயச்சாலை ஆகிவிட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் பரணி எழுதிவைத்திருக்கிறார். கடைசியில் கஜானாவிலிருந்து வெள்ளியைக் கொடுத்துச் செம்பை வாங்கிக் குவித்தார்கள். அதே மன்னனை வைத்துக் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 1964-இல் எழுதிய நாடகம் மனத்தைப் பிசையும். சோவினுடையது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். ஆனால் சோவின் முடிவு சிரிப்பல்ல. கல்லறை, மூலிகை எல்லாம் பொய், நாட்டுக்குப் பாடம் சொல்லத்தான் இந்த வேடம் என்று கூட வந்தவன் ஜனங்களிடம் உண்மையைச் சொல்ல வருகிறான். பதவி ருசி கண்ட துக்ளக் அவனையே பொய்யன் ஆக்கிவிடுகிறான். கூட்டம் உண்மை சொன்னவனை அடித்துக் கொன்றுவிடுகிறது. இளவயதில் இந்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது வாட்ஸ்அப்பைப் பார்க்கும்போது அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

அடுத்தது 1987. அப்போது இங்கே கிளையில் குமாஸ்தா. மார்ச் மாதக் கடைசியில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று ஒருவர் கேட்கிறார். பிக்பாக்கெட் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிறார் மற்றவர். அவ்வளவுதான். சட்டமன்றத்துக்குக் கோபம் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4 அன்று சபாநாயகர் பி.எச். பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனையை அறிவித்தார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. இரண்டு மூன்று நாட்களில் ஆசிரியரை விடுவித்துவிட்டார்கள்.

ஜோக்கைப் பார்க்காமல் விட்டவர்களெல்லாம் கிளையில் அந்த இதழைத் தேடினார்கள். ஒரே பிரதி எல்லா கவுன்ட்டரையும் சுற்றி வந்து அட்டை கிழிந்தே போனது. ஆனால் நான் சொல்ல வருவது வேறு. நீதிமன்ற விசாரணை இல்லாமல் ஒருவரைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்ப முடியுமா என்ற கேள்வி அன்றுதான் எங்களுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் 'உரிமை மீறல்' என்ற சொல்லை வைத்து வாதம் நடந்தது. அரசியல் சாசனத்தின் 194-ஆவது பிரிவை நான் முதன்முதலில் தேடிப் படித்தது அந்த வாரம்தான். ஒரு ஜோக் என்னைச் சட்டப் புத்தகத்தைத் திறக்க வைத்தது. விகடன் ஆசிரியர் வழக்குப் போட்டு, 1994-இல் வென்றார். கிடைத்த இழப்பீடு ஆயிரம் ரூபாய். அதைச் செலவழிக்காமல் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டி வைத்திருந்தார் என்று படித்திருக்கிறேன்.

இதுவரை நையாண்டிக்கு வக்காலத்து வாங்கினேன். இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

கடந்த நாடாளுமன்றத் தேர்தல் சமயம். விரலில் வாக்களித்த மை இருந்தால்தான் இனி மூத்த குடிமக்களுக்கு டெபாசிட்டில் கூடுதல் வட்டி என்று ஓர் 'அரசு உத்தரவு' எனக்கு வந்தது. யாரோ கிண்டலுக்கு எழுதியது. மேலே சின்னதாக ஒரு கேலிப் பக்கத்தின் பெயர் இருந்தது. அது வெட்டுப்பட்டு, கைமாறி என்னிடம் வந்தபோது வெறும் உத்தரவாக இருந்தது. நாற்பது வருடம் துக்ளக் படித்தவன், வங்கியிலேயே வேலை பார்த்தவன், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் அதை நம் குழுவுக்கு அனுப்பினேன். அடுத்த தெருவில் தனியாக இருக்கும் அக்கா ஒருவர், மை அழிவதற்குள் காட்டிவிட வேண்டும் என்று ஏப்ரல் வெயிலில் ஆட்டோ பிடித்து வங்கிக்குப் போய் விரலை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். கவுன்ட்டரில் சிரித்திருக்கிறார்கள். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க பேங்க்ல இருந்தவங்கன்னுதானே தம்பி நம்பினேன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு எனக்கு எங்கள் பழைய ட்ரையல் பேலன்ஸ் ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் பற்றும் வரவும் பொருந்தவில்லை என்றால், எங்கோ தப்பு இருக்கிறது என்று அது காட்டும். எங்கே என்று காட்டாது. அதற்குப் பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்ட வேண்டும். நையாண்டியும் அவ்வளவுதான். சொல்வதும் செய்வதும் பொருந்தவில்லை என்று காட்டிக் கொடுக்கும். மிச்ச வேலை நம்முடையது. அந்த விகடன் ஜோக்கைப் படித்து, எல்லோரும் திருடர்கள் என்று சொல்லிவிட்டுப் படுத்தவர்களும் உண்டு. அவர்கள் புதிதாக எதையும் தெரிந்துகொள்ளவில்லை.

இன்னொன்றும் உண்டு. பி.காம். படித்தவர்களுக்கு 'ஈடுசெய் பிழை' தெரியும். ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டி, கணக்கு இடிக்காதது போலவே நிற்கும். நமக்குப் பிடிக்காத தலைவரைப் பற்றிய கிண்டல் வரும்போது நாம் சரிபார்க்காமல் சிரிப்பது அப்படித்தான். உள்ளே ஏற்கெனவே இருக்கும் வெறுப்போடு கணக்கு அழகாக டேலி ஆகிவிடுகிறது.

ஆகவே செயலாளர் அவர்களுக்கு என் வேண்டுகோள். தடை வேண்டாம். ஒரு ஜோக்குக்காகச் சிறைக்குப் போனவர்களின் வரலாறு உள்ள ஊர்க்காரர்கள் நாம். அதற்குப் பதிலாக இரண்டு விதி வைப்போம். கேலியைப் போடுகிறவர் மேலே 'நையாண்டி' என்று எழுத வேண்டும். அது எந்தச் செய்தியைக் கேலி செய்கிறதோ, அந்தச் செய்தியையும் கீழே போட வேண்டும். செய்தியைத் தேடப் பொறுமை இல்லாதவர் ஜோக்கையும் போட வேண்டாம்.

குழுவை விட்டுப் போன இருவரும் என் நண்பர்கள். இருவர் வீட்டிலும் நான் காபி குடித்திருக்கிறேன். தீர்மானம் எதுவானாலும் கூட்டத்துக்கு இருவரும் வர வேண்டும். பென்னிங்டன் நூலக நாட்களிலிருந்து நான் சேர்த்து வைத்த பழைய இதழ்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. கொண்டுவருகிறேன். அந்த அக்காவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விரலில் மை எப்போதோ அழிந்துவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார்.