கம்பம் பள்ளத்தாக்கின் சரக்கு மற்றும் பகிர்வுப் போக்குவரத்து

கம்பம் பள்ளத்தாக்கின் சரக்கு மற்றும் பகிர்வுப் போக்குவரத்து என்பது தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் உள்ள தேனி, போடிநாயக்கனூர், சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் ஆகிய ஊர்களிலும், மேகமலை உள்ளிட்ட சுற்றுமலைகளிலும் பொருட்களையும் மக்களையும் கொண்டு செல்லும் முறைகளைக் குறிக்கும். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துடன் நாள்தோறும் நடைபெறும் வணிகமும், ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பயணமும் இப்போக்குவரத்தின் சிறப்புக் கூறுகளாகும்.

நில அமைப்பு

கம்பம் பள்ளத்தாக்கு மூன்று புறமும் மலைகளால் சூழப்பட்டு வடகிழக்கில் மட்டும் திறந்துள்ளது. மேற்கில் ஏலமலைத் தொடரும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாடு மலைகளும் அமைந்துள்ளன. 1895 ஆம் ஆண்டு முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் இப்பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்ட பின் நெல், வாழை, தென்னை, திராட்சை முதலியவற்றின் சாகுபடி பெருகியது. விளைச்சல் பெருகியதால் அதனை வெளியூர்களுக்கு அனுப்பும் தேவையும் வளர்ந்தது. 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள் தொகை 12,45,899 ஆகும்.

ஊர்களுள் பெரும்பாலானவை ஒரே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் வளர்ந்தவை. இதனால் கடைத்தெரு, பேருந்து நிறுத்தம், சரக்கு இறக்குமிடம், தொலைதூர ஊர்திகளின் வழி ஆகிய அனைத்தும் நெடுங்காலம் ஒரே சாலையில் அமைந்திருந்தன. இப்பகுதியின் போக்குவரத்து நெரிசலுக்கு இதுவே அடிப்படைக் காரணமாகும்.

வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை இப்பகுதி வழியாகவே வெளியே சென்றது. 1908 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு குறுகிய இரயில்பாதை தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் வரை கொண்டு வந்தது. அங்கிருந்து அவை கம்பிவடப் பாதை வழியாக மலையடிவாரத்தில் உள்ள கொட்டகுடிக்கு இறக்கப்பட்டு, மாட்டு வண்டிகளில் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தன. 1924 ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் குண்டளை இரயில்பாதை அழிந்தது.

மதுரை – போடிநாயக்கனூர் மீட்டர் பாதை 1928 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஏலக்காய், தேயிலை, காபி முதலிய மலைவிளைபொருட்களை ஏற்றிச் செல்வது இதன் நோக்கங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப்போரின்போது இப்பாதையின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு, 1950களில் மீண்டும் அமைக்கப்பட்டன. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 ஆம் ஆண்டின் இறுதியில் இப்பாதை மூடப்பட்டது. மதுரை – தேனி இடையே 2022 மே 26 அன்றும், தேனி – போடிநாயக்கனூர் இடையே 2023 சூன் 15 அன்றும் பயணிகள் இரயில் சேவை தொடங்கியது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக மாவட்டம் இரயில் வசதியின்றி, முழுவதும் சாலையையே நம்பியிருந்தது.

மலைவழிகள்

பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்திற்குச் செல்லும் முதன்மையான மலைவழிகள் மூன்று:

- குமுளி வழி: கூடலூரை அடுத்த லோயர் கேம்பிலிருந்து குமுளிக்கு ஏறும் சாலை. பீருமேடு, கோட்டயம் வழியாகக் கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 183 இன் (பழைய எண் 220) பகுதியாகும்.
- கம்பம்மெட்டு வழி: கம்பத்திலிருந்து நெடுங்கண்டம், கட்டப்பனை ஆகிய ஊர்களுக்குச் செல்வது.
- போடிமெட்டு வழி: 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. பூப்பாறை, மூணாறு வழியாகக் கொச்சி செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85 இன் (பழைய எண் 49) பகுதியாகும்.

சபரிமலை மண்டல, மகரவிளக்குக் காலத்தில் (நவம்பர் – சனவரி) குமுளி வழியில் ஊர்திகள் மிகுவதால், சபரிமலை செல்லும் ஊர்திகளைக் கம்பம்மெட்டு வழியாக அனுப்பி, திரும்பும் ஊர்திகளைக் குமுளி வழியாக விடும் ஒருவழி முறை நடைமுறைப்படுத்தப்படுகிறது. 2022 டிசம்பர் 23 அன்று இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பகுதிப் பக்தர்களின் ஊர்தி குமுளி மலைச்சாலையில் பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் உயிரிழந்தனர்.

சரக்குப் போக்குவரத்து

இப்பகுதியின் சரக்குப் போக்குவரத்து இரு திசைகளில் நிகழ்கிறது. காய்கறி, அரிசி, வாழை, திராட்சை, வைக்கோல் முதலியன பள்ளத்தாக்கிலிருந்து மலையேறுகின்றன. ஏலக்காய், மிளகு, தேயிலை முதலியன மலையிலிருந்து இறங்குகின்றன. இடுக்கியில் விளையும் ஏலக்காயின் பெரும்பங்கு போடிநாயக்கனூரில் தரம் பிரிக்கப்பட்டு வடமாநிலங்களுக்கு அனுப்பப்படுகிறது. நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் போடிநாயக்கனூரிலும் இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் உள்ளன.

காய்கறியும் பழமும் விரைவில் அழுகுபவை. ஆதலால் சரக்குந்துகள் (லாரிகள்) இரவில் புறப்பட்டு விடியலுக்குள் கேரளச் சந்தைகளை அடைவதே வழக்கம். மலைவழியில் சில மணி நேரத் தடை ஏற்பட்டாலும் உழவருக்குக் கிடைக்கும் விலை குறைந்துவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் நீண்ட ஊர்திகள் திரும்புவது கடினம் என்பதால் சிறிய சரக்குந்துகளே மலைச்சாலைகளுக்கு ஏற்றவை.

நகரங்களின் உள்ளே நடைபெறும் வழங்கலில் பின்வரும் ஏற்பாடுகள் குறிப்பிடத்தக்கவை:

- உழவர் சந்தை: 1999 ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் சந்தைகள் தேனி, கம்பம் முதலிய ஊர்களில் இயங்குகின்றன. உழவர்கள் காலையில் சிறு அளவில் கொண்டுவரும் காய்கறிகள் நேரடியாக நுகர்வோரை அடைகின்றன.
- புறவழிச்சாலைகள்: திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலையை மேம்படுத்தும் திட்டத்தில் வழியிலுள்ள ஊர்களுக்குப் புறவழிச்சாலைகள் அமைக்கப்பட்டன. கடந்து செல்லும் சரக்குந்துகளை இவை கடைத்தெருக்களிலிருந்து விலக்குகின்றன. கடைகளுக்குச் சரக்கு இறக்கும் ஊர்திகளின் நெரிசலை இவை குறைப்பதில்லை.
- நேரக் கட்டுப்பாடு: மோட்டார் வாகனச் சட்டம், 1988 இன் 115 ஆம் பிரிவு, பொதுமக்கள் பாதுகாப்பை முன்னிட்டுக் குறிப்பிட்ட சாலைகளில் ஊர்திகளைத் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ அதிகாரம் அளிக்கிறது. கனரக ஊர்திகளுக்கு நகரங்களில் விதிக்கப்படும் நேர வரையறைகளுக்கு இது சட்ட அடிப்படையாகும்.

2017 சூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீக்கப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கு இடையிலான சரக்கிற்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாக்கப்பட்டது.

பகிர்வுப் போக்குவரத்து

தொழிலாளர் ஜீப்புகள்

கம்பம், கூடலூர், தேவாரம், போடிநாயக்கனூர் முதலிய ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்புகின்றனர். இவர்களுள் பெண்கள் மிகுதி. விடியற்காலையில் ஊரில் கூடும் தொழிலாளர்களை ஜீப்புகள் ஏற்றிச் சென்று தோட்டத்திலேயே இறக்கி, மாலையில் திரும்ப அழைத்து வருகின்றன. தோட்டங்களின் உட்பகுதிகளுக்குப் பேருந்து செல்ல இயலாமையும், வேலை நாளுக்கு நாள் வெவ்வேறு தோட்டங்களில் கிடைப்பதும் இம்முறை நிலைபெறக் காரணங்களாகும்.

அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றுதலும், வேலைக்கு நேரத்தில் சேர வேண்டி மலைச்சாலையில் விரைந்து செல்லுதலும் விபத்துகளுக்கு வழிவகுக்கின்றன. சட்ட நிலையும் சிக்கலானது. மோட்டார் வாகனச் சட்டம் தனித்தனிக் கட்டணம் பெற்று வழியில் ஏற்றி இறக்கும் ஊர்தியையும், முழுமையாக வாடகைக்கு எடுக்கப்படும் ஊர்தியையும் இருவகையாகப் பிரிக்கிறது. பகிர்வு ஊர்திகள் பல இடங்களில் இரண்டாம் வகை அனுமதியைப் பெற்று முதல் வகையாக இயங்குகின்றன. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதில் இது தடையாகக்கூடும். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை ஏற்றிய பேருந்து விபத்து வழக்கு ஒன்றில், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை அளவிற்கே காப்பீட்டு நிறுவனத்தின் பொறுப்பு அமையும் என 2007 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எஞ்சிய தொகையை ஊர்தி உரிமையாளரிடமிருந்தே பெற வேண்டும்.

சிற்றுந்துகள்

பேருந்து வசதியற்ற ஊர்களை நகரங்களுடன் இணைக்க 1997 ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு தனியார் சிற்றுந்துத் (மினி பஸ்) திட்டத்தைத் தொடங்கியது. வழித்தடத்தின் நீளம் 20 கி.மீ. என வரையறுக்கப்பட்டிருந்தது. எரிபொருள் விலை உயர்வால் பல வழித்தடங்கள் கைவிடப்பட்டன. 2025 சூன் மாதம் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் வழித்தடத்தின் நீளத்தை 25 கி.மீ. வரை அனுமதிக்கிறது.

செயலி வழிச் சேவைகள்

கைபேசிச் செயலி மூலம் ஊர்தி அமர்த்தும் நிறுவனங்களுக்கு நடுவண் அரசு 2020 ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. 2025 ஆம் ஆண்டு திருத்திய நெறிமுறைகள், மாநில அரசு ஒப்புதல் அளித்தால் தனியார் இருசக்கர ஊர்திகளிலும் பயணிகளை ஏற்ற இடமளிக்கின்றன.

மேகமலைச் சாலை

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குச் செல்லும் சாலை 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. வளைவுகளுக்கு மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. ஹைவேவிஸ், மணலாறு, வெண்ணியாறு, மகாராசாமெட்டு, இரவங்கலாறு ஆகிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளுக்கு இதுவே வழியாகும். தேயிலை, உணவுப் பொருள், நோயாளிகள், பள்ளி மாணவர், சுற்றுலாப் பயணிகள் ஆகிய அனைத்திற்கும் இந்த ஒரு சாலையே பயன்படுகிறது. மலைக்குச் செல்லும் பேருந்துகள் மிகச் சிலவே.

இப்பகுதி 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்தை ஒட்டியுள்ளது. விலங்குகளின் நடமாட்டம் கருதி இரவு நேரப் பயணம் கட்டுப்படுத்தப்படுகிறது. காட்டின் பாதுகாப்பும் தோட்டக் குடியிருப்பினரின் அவசரத் தேவைகளும் இங்கு ஒருங்கே கருதப்பட வேண்டியுள்ளன.

போக்குவரத்துத் தடைகள்

- 2011 டிசம்பர்: முல்லைப் பெரியாறு சிக்கலை ஒட்டி எழுந்த போராட்டங்களால் எல்லை வழிகளில் போக்குவரத்து முடங்கியது. காய்கறி அனுப்புவதும் தொழிலாளர் பயணமும் நின்றன.
- 2020: கொரோனா பெருந்தொற்று ஊரடங்கால் மலைவழிகள் மூடப்பட்டன. தொழிலாளர்கள் தோட்டங்களுக்குச் செல்ல இயலவில்லை. ஏலக்காய் ஏலமும் தடைபட்டது.
- 2023 மே – சூன்: கேரளத்தின் சின்னக்கானலிலிருந்து பெரியாறு காப்பகத்திற்கு இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை மேகமலைக்கு வந்ததால் அங்கு சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. மே 27 அன்று யானை கம்பம் நகருக்குள் புகுந்ததை அடுத்து 144 தடை உத்தரவு பிறப்பிக்கப்பட்டது. சூன் 5 அன்று யானை பிடிக்கப்பட்டது.

பிற நகரங்களுடன் ஒப்பீடு

இலண்டன் மாநகரில் 1985 ஆம் ஆண்டு முதல் 18 டன்னுக்கு மேற்பட்ட சரக்குந்துகளுக்கு இரவிலும் வார இறுதியிலும் கட்டுப்பாடு உள்ளது. குடியிருப்போரின் உறக்கத்தைக் காப்பது அதன் நோக்கம். இந்திய நகரங்களில் நெரிசலைக் குறைக்கப் பகலில் தடை விதித்து இரவில் அனுமதிப்பதே பெருவழக்கு. நெதர்லாந்தின் பல நகரங்கள் 2025 சனவரி முதல் மாசற்ற சரக்கு ஊர்திகளுக்கான பகுதிகளை உருவாக்கியுள்ளன. பகிர்வு ஊர்திகளில் மணிலாவின் ஜீப்னி, இசுதான்புல்லின் தொல்முசு ஆகியவை கம்பம் பள்ளத்தாக்கு ஜீப்புகளுடன் ஒப்பிடத்தக்கவை. அவை வழித்தட அனுமதியுடன் இயங்குவதே முதன்மையான வேறுபாடாகும்.

இவற்றையும் பார்க்கவும்

- தேனி மாவட்டம்
- மேகமலை
- முல்லைப் பெரியாறு அணை
- போடிநாயக்கனூர்
- உழவர் சந்தை