தொலைக்காட்சிப் பெட்டியில் தமிழெழுத்து

1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது களியக்காவிளை தமிழகத்தைச் சேர்ந்தது. அடுத்துள்ள பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அன்று முதல் எல்லைப்புறத் தமிழராகிய நாம் புதிய கருவி எது வரினும் கேட்கும் கேள்வி ஒன்றே: இதில் தமிழ் உண்டா?

1985 ஜனவரி 1ஆம் நாள் திருவனந்தபுரம் தொலைக்காட்சி நிலையம் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கிற்று. பிறர் அனுப்பும் படத்தைக் காட்டும் அப்பெட்டியில், நாமே எழுதியதைக் காணவும் வழி பிறந்திருந்தது. அவ்வழியைத் தந்தது வீட்டுக் கணிப்பொறி.

1973 செப்டம்பரில் அமெரிக்காவின் 'ரேடியோ எலக்ட்ரானிக்ஸ்' இதழில் டான் லங்காஸ்டர் 'தொலைக்காட்சித் தட்டச்சுப் பொறி'யை விளக்கினார். வீட்டுப் பெட்டியே எழுத்துப் பலகையாயிற்று. தனித்திரைச் செலவு மிச்சமாயிற்று. 1982இல் இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளேர் நிறுவனத்தின் 'ஸ்பெக்ட்ரம்' வெளிவந்தது. அது சிறியதோர் ஒளிபரப்பு நிலையம் போலத் தன் படத்தை அலையாக்கி, ஆண்டெனா செருகும் துளை வழியே பெட்டிக்குள் அனுப்பும்.

இந்தியாவிலும் இங்கிலாந்திலும் படத்துக்கு 625 வரிகள், நொடிக்கு 25 படங்கள். வண்ண முறையும் ஒன்றே. அமெரிக்க முறையோ 525 வரிகள் கொண்டது. ஆதலின் இங்கிலாந்துக் கருவியே நம் பெட்டிக்கு நெருங்கிய உறவு. ஆயினும் ஒரு தடை உண்டு. ஸ்பெக்ட்ரம் 36ஆம் சானலில், மிக உயர்ந்த அலைவரிசையில் படம் அனுப்பிற்று. தூர்தர்ஷனின் தாழ்ந்த அலைவரிசைகளை மட்டும் வாங்கும் பெட்டியில் அது தெரியாது.

அத்தடை நீங்கினும் தமிழுக்கு இடமுண்டோ? திரையில் 24 வரிகள். வரிக்கு 32 எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டம். கருவியில் குடியிருந்தவை ஆங்கில எழுத்துகளே. நாமாக வரைந்துகொள்ள எளிய வழியில் கிடைத்தவை 21 இடங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என நம் முதன்மை எழுத்துகளே 31 அன்றோ! 'ட', 'ப' எளிதில் அடங்கும். 'ணை' எட்டுப் புள்ளி அகலத்தில் திணறும்.

1984இல் மைய அரசு பள்ளிகளில் தொடங்கிய கணிப்பொறிக் கல்வித் திட்டமும் இங்கிலாந்தின் 'பிபிசி மைக்ரோ'வையே கொண்டு வந்தது. அதன் விசைப்பலகையும் ஆங்கிலமே. 1991இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பில் தமிழுக்குத் தனியிடம் கிடைத்தது. இன்று கைப்பேசியிலும் தமிழ் முழுமையாக எழுதலாம்.

கருவியின் குறை நீங்கிற்று. இனி எஞ்சுவது நம் குறையே. நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் கற்கின்றனர். ஊரிலுள்ள பாட்டிக்குக் கைப்பேசியில் நாள்தோறும் ஒரு வரியேனும் தமிழில் எழுதச் செய்வோம். 21 இடங்களுள் அடங்காத தமிழ், நம் இல்லங்களில் இடமின்றிப் போகலாமா?