சாயத்துக்குக் கீழே ஒரு பெயர்

ஜெஞ்சாரோமில் என் மாமாவுக்கு விநோதமான ஒரு பொழுதுபோக்கு உண்டு. லங்காட் ஆற்றங்கரையில் கைவிடப்பட்ட மரப்படகுகளைச் சொற்ப விலைக்கு வாங்குவார். வீட்டுப் பின்புறம் கவிழ்த்துப் போட்டு, உளுத்த பலகையை மாற்றி, இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்து, சாயம் பூசி விற்றுவிடுவார். அத்தை கணக்குப் போட்டால் நஷ்டம்தான் வரும்.

போன விடுமுறையில் பழைய சாயத்தைச் சுரண்டும் வேலை எனக்கு. நீலத்துக்குக் கீழே பச்சை. பச்சைக்குக் கீழே சிவப்பில் இரண்டு சீன எழுத்துகள்.

"மாமா, இது என்னா?"

"பழைய பேரா இருக்கும். சுரண்டுடா. வாங்குறவன் அவன் பேரத்தான் வைப்பான்."

சுரண்டிவிட்டேன். அதன் பிறகுதான் அன்னபூரணியைப் பற்றி வாசித்தேன்.

யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930களில் பாய்க்கப்பல் கட்டும் தொழில் உயிரோடிருந்தது. அந்த ஊர்க் கப்பல்கள் பர்மாவரை போய் அரிசியும் தேக்கும் ஏற்றி வந்தன. அங்கே வேப்பமரத்தில் கட்டப்பட்ட 89 அடிக் கப்பல்தான் 'அன்னபூரணி அம்மாள்'.

அதை வாங்கியவர் அமெரிக்கரான வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். 'ஸ்வாப்' என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931வரை உலகைச் சுற்றி வந்தவர். நீராவிக் கப்பல்கள் கடலை எடுத்துக்கொண்ட காலத்தில் பழைய பாய்க்கப்பல்கள்மீது அவருக்குத் தீராத மோகம். வாங்கிய கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். அன்னபூரணி 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' ஆனது. சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் என்று கடந்து, 1938 ஆகஸ்டில் மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்தியவர்களில் வல்வெட்டித்துறைத் தண்டையல் தம்பிப்பிள்ளையும் அவர் ஊர் மாலுமிகளும் இருந்தார்கள்.

வாசித்தபோது முதலில் ராபின்சன்மேல் கோபம் வந்தது. எவன் கட்டினான், எவன் பெயர் வைக்கிறான்? ஆனால் யோசித்தால் கோபம் நிற்கவில்லை. அதே கரையில் கட்டப்பட்ட எத்தனையோ கப்பல்கள் விற்கப்படாமலே அழிந்தன. அவற்றில் ஒன்றின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்னபூரணியை நான் அறிந்தது அது விற்கப்பட்டதால்தான். பெயரை அழித்தவரேதான் அந்தக் கப்பலை நினைவில் நிற்கவும் வைத்தார்.

நம் வீடுகளிலும் இப்படி ஒரு கப்பல் இருக்கிறது. தாத்தா பாட்டிகள் பலரைப் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறக்கிவிட்ட ரஜூலா 1973இல் இந்திய அரசு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு 'ரங்கத்' ஆனது. மறு வருடம் உடைக்கப்பட்டது. ஆனால் யாராவது "எங்க தாத்தா ரங்கத்துல வந்தாரு" என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? பதிவேட்டில் பெயர் மாறினாலும் அதில் வந்தவர்கள் வாயில் மாறவில்லை. வல்வெட்டித்துறைக்காரர்களும் இன்றுவரை அன்னபூரணி என்றுதான் சொல்கிறார்கள்.

நான் சுரண்டிய படகுக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கிறதா, தெரியவில்லை. அடுத்த படகு வந்தபோது சுரண்டுவதற்கு முன் கைப்பேசியில் படமெடுத்து, முச்சந்திக் கோப்பிக் கடை தவுக்கேயிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பொம்பளப் பேரு லா," என்றார்.

மாமாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாயத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"அந்தப் பலகைய மட்டும் விட்டுடு. வாங்குறவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."