சங்கேதம் இல்லாத தந்தி

பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூச்சிரைக்க சென்ட்ரலுக்கு ஓடியிருக்கிறீர்கள்தானே? என்றைக்காவது ‘அந்த பார்க் எங்கே?’ என்று தேடியதுண்டா? ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அதற்கு ஏது நேரம்! அங்கே நிஜமாகவே ‘பீப்பிள்ஸ் பார்க்’ என்று ஒரு பெரிய பூங்கா இருந்தது. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தின்றுவிட்டன. பூங்காவை அமைத்தவர் சர் சார்லஸ் ட்ரெவல்யன். 1859 மார்ச்சில் சென்னைக்கு கவர்னராக வந்தவர், 1860 ஜூனில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. காரணம் ஒரு தந்தி. அதைவிட முக்கியமாக, ஒரு குறிப்பு.

1857 கலகத்தை அடக்கியதில் இந்திய கஜானா காலி. அதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி நிபுணரை அனுப்பினார்கள். ‘தி எகனாமிஸ்ட்’ பத்திரிகையை ஆரம்பித்தவர் இவர்தான். 1860 பிப்ரவரி 18 அன்று கல்கத்தாவில் பட்ஜெட் வாசித்தார். இந்தியாவுக்கு முதன்முதலாக வருமான வரி! வருஷத்துக்கு 200 ரூபாய் சம்பாதிக்கிறவனையும் விடவில்லை. 500 வரைக்கும் 2 சதவிகிதம், அதற்கு மேல் 4.

ட்ரெவல்யனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘செலவைக் குறையுங்கள், முதலில் ராணுவச் செலவில் கை வையுங்கள். அதை விட்டுவிட்டு புது வரியா?’ என்பது அவர் கட்சி. மார்ச் 4-ம் தேதி சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு எதிர்ப்புத் தந்தி பறந்தது. சங்கேத பாஷையில் அல்ல. தந்தி குமாஸ்தா முதற்கொண்டு யார் வேண்டுமானாலும் படிக்கிற மாதிரி!

வைஸ்ராய் கானிங் அரசு 9-ம் தேதி காரசாரமாகக் கடிதம் எழுதியது. ஜனங்களின் மனசு இன்னும் அடங்காத நேரத்தில் இப்படியா பகிரங்கமாகத் தந்தி கொடுப்பது என்று கேட்டது. அதோடு விடவில்லை. கல்கத்தா சட்டசபையில் சென்னையின் சார்பில் இருந்த உறுப்பினர், சென்னை அரசின் எதிர்ப்பை அங்கே எடுத்து வைக்கக்கூடாது என்று தடையும் போட்டது.

யோசித்துப் பாருங்கள். வரி கட்டப்போகிற ஜனங்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்களை ஆளுகிற கவர்னரின் ஆட்சேபத்துக்கும் வாய்ப்பூட்டு. மனிதர் என்ன செய்வார்? மார்ச் 26 அன்று தானும் தன் கவுன்சிலும் சொன்ன ஆட்சேபங்களைக் குறிப்பாகப் பதிவு செய்தார். பிறகு, கவுன்சிலை இதில் இழுக்காமல், முழுக்கத் தன் பொறுப்பில் அதைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துவிட்டார். அரசாங்க ரகசியம் சந்திக்கு வந்துவிட்டது!

அவருக்கு இது பழைய பழக்கம். இளவயதில் டெல்லியில், லஞ்சம் வாங்கிய தன் மேலதிகாரி கோல்புரூக்கையே பகிரங்கமாகக் குற்றம்சாட்டிப் பதவியிறங்க வைத்தவர். ஆனால் அவசரப்பட்டு சிலை வைத்துவிடாதீர்கள். 1840-களில் அயர்லாந்துப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தபோது, லண்டன் கஜானாவில் உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவரும் இதே ட்ரெவல்யன்தான். அங்கே உயிரை எடுத்த சிக்கனம், இங்கே ஏழைகளுக்குக் கேடயமாக நின்றது. இந்த முரணை என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அயர்லாந்துப் பஞ்சத்தின்போது பிரிட்டனின் நிதி மந்திரியாக அவருக்கு மேலே இருந்தவர் சார்லஸ் உட். 1860-ல் அவர்தான் லண்டனில் இந்தியா மந்திரி! பழைய சகாவாச்சே என்று பார்க்கவில்லை. செய்தி போய்ச் சேர்ந்ததும் ‘திரும்பி வா’ என்று உத்தரவு போட்டார். பார்லிமென்டில் பிரதமர் பாமர்ஸ்டன், செய்தது தப்பு, ஆனாலும் மனிதர் தகுதியானவர் என்கிற தோரணையில் பேசினார்.

ட்ரெவல்யன் ஜூன் 8-ல் பதவியிலிருந்து இறங்கினார். ஜூலை 24-ல் வருமான வரி அமலுக்கு வந்தது. அவருக்கு அடுத்து வந்த கவர்னர் வார்டு, பதவியேற்று ஒரு மாதம்கூட முடியாமல் ஆகஸ்ட் 2 அன்று காலராவில் இறந்தார். 11-ம் தேதி கல்கத்தாவில் வில்சனும் வயிற்றுக்கடுப்பால் போய்ச் சேர்ந்தார். வரி மட்டும் பிழைத்துக்கொண்டது.

கூத்து அதோடு முடியவில்லை. 1863-ல் ட்ரெவல்யன் மறுபடியும் கப்பலில் வந்து இறங்கினார். எந்தப் பதவிக்குத் தெரியுமா? வில்சன் உட்கார்ந்திருந்த அதே நிதிப் பொறுப்புக்கு! ஐந்து வருஷக் கெடுவோடு போட்ட வருமான வரி 1865-ல் காலாவதியானது. அவர் அதை நீட்டிக்கவில்லை. பதிலாக சணல், தேயிலை, காபி போன்ற சரக்குகளுக்கு ஏற்றுமதி வரி போட்டார். லண்டன் அதை ரத்து செய்தது. ரத்து செய்த இந்தியா மந்திரி, அப்போதும் சார்லஸ் உட்தான்.