இரண்டு தகப்பன் பெயர்

லிசேயில் என்னோடு படித்தவன் ஒருவன். அவன் வீட்டு முன்னறையில் ராணுவ உடுப்பில் ஓர் இளைஞரின் படம் மாட்டியிருக்கும், எப்போதும் மாலையோடு. அது அவன் அப்பா. இந்தோசீனா சண்டைக்குப் போய்த் திரும்பாதவர். படத்துக்குக் கீழே சாய்வு நாற்காலியில் இன்னொரு சொல்தா உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அவனுக்கு ஏழு வயதானபோது அவன் அம்மாவை இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவர். மாலைக்குப் பூ வாங்கி வருவதும் அவர்தான்.

அவரை அவன் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். தாய் இரண்டாவதாக மணந்தவரைக் கூப்பிட நம் பேச்சுவழக்கில் வேறு சொல் ஏது? மாற்றாந்தந்தை என்பது புத்தகத்தில் இருக்கிறது, அதை வைத்து யாரையும் கூப்பிட முடியாது. பிரெஞ்சுக்காரன் பாடும் அப்படித்தான். மாமனாருக்கும் அதே 'போப்பேர்', இவருக்கும் அதே 'போப்பேர்'.

1962க்குப் பிறகு அந்தக் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டது. பின்னால் பிரான்சுக்கும் போய்விட்டார்கள். நான் இங்கேயே எத்தா சிவில் பிரிவில் குமாஸ்தாவாகி, ரிஜிஸ்தர் தூசியில் காலம் தள்ளினேன். 2008இல் ஒரு நாள் அவனிடமிருந்து போன் வந்தது.

"டேய், சித்தப்பா என்னைத் தத்து எடுக்கிறேன் என்கிறார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு ஐம்பத்தெட்டு, பேரன் எடுத்துவிட்டான். சித்தப்பாவுக்கு எண்பத்து நாலு. அம்மா தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. "நீ ரிஜிஸ்தரோடயே இருக்கிறவன், சொல்லு. அப்பா பெயர் போயிடுமா?"

சிரித்ததற்கு அப்புறம் வெட்கப்பட்டேன். கோத் சிவிலை எடுத்துப் படித்தபோது தெரிந்தது, வளர்ந்த ஆளைத் தத்தெடுப்பதுதான் அங்கே பழைய வழக்கம், குழந்தையைத் தத்தெடுப்பது பிறகு வந்தது.

1804இல் வந்த நெப்போலியன் சட்டப் புத்தகத்தில் தத்து எடுக்கிறவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், முறையான வாரிசு இருக்கக் கூடாது, தத்துப் போகிறவனைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும். தத்துப் போகிறவனோ மேஜராகியிருக்க வேண்டும். மைனரைப் பொதுவாகத் தத்தெடுக்க முடியாது. காரணம், தத்து என்பதை அவர்கள் இரண்டு பேர் செய்துகொள்ளும் ஒப்பந்தமாகப் பார்த்தார்கள், சம்மதம் சொல்ல வயது வேண்டும். ஆனால் அவன் மைனராக இருந்தபோது ஆறு வருஷமாவது இவர் வளர்த்திருக்க வேண்டும். அப்படி வளர்க்காவிட்டால், சண்டையிலோ தீயிலோ தண்ணீரிலோ இவர் உயிரை அவன் காப்பாற்றியிருக்க வேண்டும். அதாவது, முதலில் வளர்த்துக் காட்டு, பிறகு வந்து கேள். நீதிமன்றம் காரணம் எதுவும் சொல்லாமல் 'தத்துக்கு இடமுண்டு' அல்லது 'இடமில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

முக்கியமானது பெயர். வளர்த்தவர் பெயர் சொந்தப் பெயரோடு சேரும், பழையது போகாது. பிறந்த குடும்பத்து உரிமையும் போகாது.

இந்தச் சட்டத்துக்கு ஆலோசனைக் கூட்டம் நடந்தபோது தானும் உட்கார்ந்து வாதாடியவர் நெப்போலியன். அவரே 1806 ஜனவரியில் ஜோசப்பினின் முதல் கணவர் மகன் யூஜேனைத் தத்தெடுத்தார். அந்தப் பையனின் தகப்பனார் 1794இல் கில்லட்டினில் தலை போனவர். தத்தெடுத்த அன்று நெப்போலியனுக்கு 36 வயது, யூஜேனுக்கு 24. ஐம்பதும் இல்லை, பதினைந்து வயது வித்தியாசமும் இல்லை. ஆறு வருஷம் வளர்த்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். பேரரசருக்குச் சட்டம் தனி! யூஜேனின் பெயரோடு நெப்போலியன் என்பது சேர்ந்தது. பிரெஞ்சுச் சிம்மாசனம் மட்டும் கிடையாது என்று ஒதுக்கிவிட்டார்கள்.

முதல் உலகப் போர் ஏராளமான அநாதைக் குழந்தைகளை விட்டுப் போன பிறகுதான், 1923இல், மைனர்களையும் தத்தெடுக்கலாம் என்றார்கள். 1966இல் இரண்டு வகையாகப் பிரித்தார்கள். பிறந்த வீட்டுத் தொடர்பை முழுக்க அறுப்பது ஒன்று. எந்த வயதிலும் செய்யலாம், பழைய உறவு அப்படியே இருக்கும் என்பது மற்றது. அதற்கு 'அதோப்சியோன் சேம்ப்ல்' என்று பெயர். 1804இன் வாசனை இந்த இரண்டாவதில்தான்.

நம் ஊரில் இது பரவலாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. 1819இல் கோத் சிவில் இங்கே வந்தபோதே, இந்தியர்களுக்கு அவரவர் சாதி வழக்கப்படிதான் தீர்ப்பு என்று சொல்லிவிட்டார்கள். 1881 ஆணைப்படி அந்த வழக்கத்தைத் துறந்த ரெனோன்சான்களுக்குத்தான் பிரெஞ்சுச் சட்டம். அவர்கள் குடும்பப் பெயர் ஒன்றையும் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. வக்கீல் பொன்னுத்தம்பி 'லப்போர்த்' ஆனது அப்படித்தான். 1963இல் இந்துச் சட்டங்கள் புதுச்சேரிக்கு வந்தபோதும் ரெனோன்சான்களை விலக்கியே வைத்தார்கள். அந்த இந்துச் சட்டமோ நேர் எதிர். வேறு வழக்கம் இருந்தாலொழிய, பதினைந்து வயது நிறைந்தவரையும் கல்யாணமானவரையும் தத்தெடுக்க முடியாது. எடுத்தால் பிறந்த குடும்ப உறவு முடிந்தது.

என் நண்பன் வீட்டில் யாரும் துறக்கவில்லை. நம்மில் பலரைப் போல, அப்பாவின் பெயரே காகிதத்தில் அவன் குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே இனிஷியலில் ஓர் எழுத்தாக நிற்க வேண்டியது அங்கே முழுசாக நின்றது. அதனால்தான் அவனுக்கு அவ்வளவு பயம். முகம் நினைவில்லாத அப்பாவிடமிருந்து அவனிடம் மிஞ்சியிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

நான் படித்ததைச் சொன்னேன். பெயர் போகாது, பின்னால் சேரும். வளர்த்தவர் தன் பெயர் மட்டுமே வேண்டும் என்று கேட்டு, நீதிமன்றமும் ஒத்துக்கொண்டால்தான் பழையது போகும்.

உறவுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாம் அடுக்குமாடி வீட்டுக்காகத்தான் என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பிரான்சில் உறவில்லாதவருக்குச் சொத்து எழுதிவைத்தால் நூற்றுக்கு 60 வரி. தத்துப்பிள்ளைக்கும் இந்த வகையில் பொதுவாக அதே வரிதான். மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையாக இருந்தால் விலக்கு உண்டு. இதை மறைக்க என்ன இருக்கிறது? 1804இலும் தத்து என்பது சொத்தையும் பெயரையும் பற்றிய விஷயந்தான். அதற்காக ஆறு வருஷம் சோறு போட்டது பொய்யாகிவிடாது.

நொத்தேர் முன்னால் கையெழுத்துப் போடும் நாளில் கிழவரிடம் கேட்டார்களாம், உங்கள் பெயர் மட்டும் போதுமா, இரண்டும் இருக்கட்டுமா என்று. அவர் தமிழில் இவனிடம் சொல்லியிருக்கிறார்: "அவர் பெயர் முன்னால இருக்கட்டும்டா. நான் அப்புறம் வந்தவன்தானே." இவன் அதைப் பிரெஞ்சில் சொல்ல முடியாமல் நொத்தேர் முன்னால் அழுதிருக்கிறான்.

தீர்ப்பு வந்ததும் பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பு எழுதுவது வழக்கம். நான் ஒரு மதியம் எங்கள் ரிஜிஸ்தரை எடுத்து அவன் பிறந்த வருஷத்தைப் புரட்டினேன். ஓரம் காலியாக இருந்தது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களின் பதிவெல்லாம் நாந்த் நகரத்தில். குறிப்பும் அங்கேதான். பழைய மையில் அவன் அப்பா பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

சித்தப்பா தொண்ணூற்றொன்றில் போய்ச் சேர்ந்தார். நண்பன் இப்போதும் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறான். இரண்டு பேரும் சேர்ந்ததில் பெயர் நீண்டுவிட்டது, விமான டிக்கெட்டில் இடம் போதவில்லை. சித்தப்பா பெயரில் பாதிதான் அச்சாகிறது என்று ஒவ்வொரு முறையும் கவுண்டரில் சண்டை பிடித்துவிட்டுத்தான் ஏறுகிறான்.