நொர்விச்சிலிருந்து உடுவிலுக்கு: ஹரியற் அம்மையாரின் இளமைக்காலம்

உடுவிலில் படித்த எங்களுக்கு வின்ஸ்லோ என்ற பெயர் புதிதன்று. 1824 இல் பெண்பிள்ளைகளுக்கென விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தவர் திருமதி ஹரியற் வின்ஸ்லோ என்று சிறுவயதிலேயே மனனம் செய்திருக்கிறோம். அப்போது அவருக்கு வயது 28. அந்த 28 ஆண்டுகளும் எப்படிக் கழிந்தன என்று நாங்கள் அதிகம் கேட்டதில்லை. சங்கத்தின் இந்த நூற்றாண்டு மலரிலே அதைச் சற்று நோக்குவோம்.

அமெரிக்காவின் கொனெக்ரிகட் மாநிலத்திலுள்ள நொர்விச் என்னும் ஊரில் 1796 ஏப்ரல் 9 ஆந் திகதி ஹரியற் லத்ரொப் பிறந்தார். தந்தையார் சாள்ஸ் லத்ரொப். தாயார் ஜோனா, லெவிங்வெல் குடும்பத்தவர். இரண்டுமே ஊரின் பழைய குடும்பங்கள். லத்ரொப் வழியின் முன்னோரான ஜோன் லொத்ரொப், தம் சமயக் கொள்கைக்காக இங்கிலாந்தில் சிறையிருந்து, 1634 இல் அமெரிக்காவுக்குக் கடல் கடந்த போதகர். லெவிங்வெல் குடும்பத்தின் கிறிஸ்தோபர் 1766 இல் கொனெக்ரிகட்டின் முதலாவது காகித ஆலையை அமைத்தவர். வசதியும் மதிப்பும் நிறைந்த வீட்டுப் பிள்ளையாகவே ஹரியற் வளர்ந்தார். ஊரோடு ஒத்து, நல்ல இடத்தில் மணமுடித்து, அமைதியாக வாழ்ந்திருக்க அவருக்கு எல்லாம் இருந்தன.

ஆனால் 13 வயதிலேயே தாமாக முன்வந்து திருச்சபையில் முழு அங்கத்தவராகச் சேர்ந்தார். 1815 அளவில், இருபது வயதும் நிரம்பாத நிலையில், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி ஞாயிறு பாடசாலையொன்றை நடத்தத் தொடங்கினார். இன்று எமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றோ ஓய்வுநாளில் பாடஞ் சொல்லிக்கொடுப்பதே ஓய்வுநாளை மீறும் குற்றம் என்று சபையின் பெரியவர்கள் சிலர் சினந்தனர். ஆலயத்தில் இடம் மறுக்கப்பட்டது. அவர் வகுப்பைக் கைவிடவில்லை. பிள்ளைகளோடு வேறிடம் தேடினார். ஆசிரியை என்ற முறையில் அவர் கண்ட முதல் எதிர்ப்பு யாழ்ப்பாணத்தில் அன்று, சொந்த ஊரில், சொந்தச் சபையாரிடமிருந்தே வந்தது என்பதை நாங்கள் மறக்கலாகாது.

1819 சனவரியில் மைரன் வின்ஸ்லோவை மணந்தார். பின்னாளில் 1862 இல் வெளிவந்த பெரும் தமிழ் ஆங்கில அகராதியால் தமிழுலகு அறிந்த அதே வின்ஸ்லோ தான். அவ்வாண்டு யூன் மாதம் 'இந்துஸ்' என்னும் கப்பலில் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டனர். டொக்டர் ஜோன் ஸ்கடர் குடும்பத்தினரும், பின்னர் எம் பாடசாலையைப் பல்லாண்டு காத்த ஸ்போல்டிங் தம்பதியரும் உடன் பயணித்தனர். 1820 இல் வின்ஸ்லோ தம்பதியர் உடுவிலில் குடியேறினர்.

பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட ஊர் அன்றைய உடுவில். மழைக்கு ஒதுங்கிய இரு சிறுமியர் இரவு தங்கியதே விடுதியின் தொடக்கம் என்று வழிவழியாகச் சொல்வார்கள். நொர்விச்சில் இடம் மறுக்கப்பட்டும் தளராதவருக்கு, இங்கே ஒன்றிரண்டு பிள்ளைகளோடு தொடங்கக் காத்திருப்பது பெரிதாக இருந்திராது.

1833 சனவரியில், 36 வயதில், அவர் உடுவிலிலேயே காலமானார். அதனோடு அந்த வீட்டின் கதை முடியவில்லை. அவருடைய தங்கைமாரான எலிசபெத், ஹரியற் ஜோனா, சார்லட் ஆகிய மூவரும் மிஷனரிமாரை மணந்து இதே கடலைக் கடந்து வந்தனர். ஹரியற் ஜோனாவும் கணவரும் 1830களில் வாந்திபேதிக்குப் பலியாயினர். சார்லட்டும் வந்து சிறிது காலத்தில் மறைந்தார். இன்று சேலைனாலும் உப்புச் சீனிக் கரைசலாலும் நாங்கள் காப்பாற்றிவிடும் அந்த நோய்க்கு அன்று மருந்திருக்கவில்லை. நீரினாலே பரவுகிறது என்பதைக்கூட வைத்திய உலகம் ஏற்றிருக்கவில்லை. நான்கு மகள்மாரை அனுப்பிவிட்டு நொர்விச்சில் இருந்த தாய் ஜோனாவுக்கு, ஒவ்வொரு சாவுச் செய்தியும் மாதக்கணக்கில் கடலில் கிடந்தே போய்ச் சேர்ந்திருக்கும். எம் கல்லூரியின் கணக்கில் இந்தத் தாயின் பங்கும் எழுதப்பட வேண்டியது.

அக்கா போன வழியில் தங்கை போவது எங்கள் வீடுகளிலும் நடந்ததுதான். முதற் பெண்ணைப் படிக்க அனுப்பத் தயங்கிய குடும்பங்கள், அவள் படித்த பின்பு அடுத்தவளைத் தாமாகவே கொண்டுவந்து சேர்த்தன. அப்படிச் சேர்ந்தவர்களின் பேத்திமாரும் பூட்டிமாரும் தான், இன்று உலகெங்கும் இருந்து இம்மலரை வாசிக்கும் எங்களிற் பலர்.